லைன் பண்டில் மேல் ஃபிளாட் கனெக்‌ஷன்கள்: எனக்கு வெக்டர் வெளி வருகிறது, புத்தகத்தில் டோரஸ் என்று இருக்கிறது

அரைப்புள்ளி:

வணக்கம். எம்.எஸ்சி. இரண்டாம் வருடம், ப்ராஜெக்ட்டுக்காக டிஃபரென்ஷியல் ஜாமெட்ரி படித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று நாளாக ஒரே பக்கத்தில் நிற்கிறேன், அதனால் இங்கே கேட்கிறேன். குறியீடுகளை எல்லாம் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காம்பாக்ட்டான, ஒரே துண்டாக இருக்கும் ஒரு மேனிஃபோல்டு. அதன் மேல் ஹெர்மிஷியன் மெட்ரிக்கோடு டிரிவியல் லைன் பண்டில், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் ஃபைபர் என்ற ஒரு கலப்பெண் கோடு, முறுக்கில்லாமல். இதில் கனெக்‌ஷன் (ஒரு ஃபைபரிலிருந்து பக்கத்து ஃபைபருக்கு எப்படிப் போவது என்ற விதி) என்பது ஆல்ஃபா என்ற ஒரு மெய் 1-ஃபார்ம்தான், வளைவு அதன் வகைக்கெழு. ஃபிளாட் என்றால் வளைவு பூஜ்யம், அதாவது ஆல்ஃபா மூடிய ஃபார்ம். கேஜ் மாற்றம் என்பது ஒவ்வொரு புள்ளியிலும் ஃபைபரைத் தீட்டா என்ற கோணத்தால் சுழற்றுவது. அப்படிச் சுழற்றினால் ஆல்ஃபாவோடு தீட்டாவின் வகைக்கெழு சேர்ந்துகொள்கிறது. ஆக மூடிய ஃபார்ம்களை எக்ஸாக்ட் ஃபார்ம்களால் வகுக்கிறோம், முதல் டி ராம் கோஹோமாலஜி கிடைக்கிறது. அது வெக்டர் வெளி.

ஆனால் புத்தகத்தில் "மாடுலை வெளி ஒரு டோரஸ், பரிமாணம் முதல் பெட்டி எண்" என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மாடுலை வெளி என்றால் கேஜ் மாற்றத்தால் ஒன்றாகிவிடுபவற்றை ஒரே புள்ளியாக எண்ணிய வெளி, முதல் பெட்டி எண் என்றால் முதல் கோஹோமாலஜியின் பரிமாணம். பரிமாணம் பொருந்துகிறது, வடிவம் பொருந்தவில்லை. எங்கே தவறவிட்டேன்?

இன்னொன்றும் உண்டு. டிகிரி (பரப்பின் மேல் பண்டில் எத்தனை முறை முறுக்கியிருக்கிறது என்ற முழு எண்) பூஜ்யமாக இல்லாத பண்டிலில் ஃபிளாட் கனெக்‌ஷனே கிடையாதே, அங்கே எந்த கனெக்‌ஷனை "சிறப்பானது" என்று எடுத்துக்கொள்வது?

பழைய சுவர்:

நல்ல கேள்வி தம்பி, இந்த இடத்தில் நானும் விழுந்திருக்கிறேன். நீங்கள் எழுதியதில் ஒரே ஒரு சொல்தான் தப்பு. "தீட்டா என்ற கோணத்தால்" என்று எழுதும்போதே தீட்டாவை ஒரு மெய்யெண் சார்பு என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டீர்கள். கோணம் மெய்யெண் இல்லை. 2பை கூடினாலும் அதே கோணம்தான். கேஜ் மாற்றம் என்பது மேனிஃபோல்டிலிருந்து வட்டத்துக்குப் போகும் சார்பு, மெய்க்கோட்டுக்குப் போகும் சார்பு அல்ல.

பெரிய மேனிஃபோல்டு எதுவும் வேண்டாம், வட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் என்ற ஆயம், 0-வும் 1-ம் ஒட்டியிருக்கின்றன. வட்டத்தின் மேல் எல்லா 1-ஃபார்மும் மூடியதுதான், ஆகவே எல்லா கனெக்‌ஷனும் ஃபிளாட். சாதாரண மெய்ச் சார்பின் வகைக்கெழுவைக் கூட்டிக் கழித்து எந்த ஆல்ஃபாவையும் "ஒரு மாறிலி பெருக்கல் டி எக்ஸ்" என்று ஆக்கிவிடலாம். அந்த மாறிலி ஆல்ஃபாவின் முழுச்சுற்றுத் தொகையீடு. இதுவரை உங்கள் கணக்குதான், மெய்க்கோடு வருகிறது. இப்போது எக்ஸ் என்ற புள்ளியில் ஃபைபரை 6பை பெருக்கல் எக்ஸ் என்ற கோணத்தால் சுழற்றுங்கள். 0-வில் கோணம் 0, 1-ல் கோணம் 6பை. மெய்யெண்ணாகப் பார்த்தால் இரண்டும் வேறு, அதனால் இது வட்டத்தின் மேல் மெய்ச் சார்பு ஆகாது. வட்டத்துக்குள் போகும் சார்பாகப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை, மூன்று சுற்று சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஆக இதுவும் முறையான கேஜ் மாற்றம். இது உங்கள் மாறிலியோடு 6பையைக் கூட்டுகிறது. ஒரு சுற்று சுற்றும் சார்பு 2பையைக் கூட்டும். அப்புறம் என்ன, மாறிலி 2பை வரைக்கும்தான் பொருள்படும், மெய்க்கோடு வட்டமாகச் சுருண்டுவிடுகிறது.

பொதுவான மேனிஃபோல்டிலும் இதே கதைதான். அதிலிருந்து வட்டத்துக்குப் போகும் சார்புகளை ஹோமோடோபி வரை எண்ணினால் கிடைப்பது முழு எண் கெழுக்கள் கொண்ட முதல் கோஹோமாலஜி. அதில் டார்ஷன் (சில மடங்கு எடுத்தால் பூஜ்யமாகிவிடும் உறுப்புகள்) ஒருபோதும் வராது, மெய்க் கோஹோமாலஜிக்குள் முழு அளவிலான லாட்டிஸாக உட்காரும். வெக்டர் வெளியை அந்த லாட்டிஸின் 2பை மடங்கால் வகுத்தால் டோரஸ். உங்கள் கணக்கு கேஜ் குலத்தின் அடையாள உறுப்பு இருக்கும் துண்டால் மட்டும் வகுத்திருக்கிறது, மற்ற துண்டுகளை விட்டுவிட்டது. இந்த மற்ற துண்டுகளைத்தான் பெரிய கேஜ் மாற்றங்கள் என்பார்கள்.

ஹோலோனமி வழியாகப் பார்த்தால் இன்னும் சுலபம். ஒரு கண்ணியைச் சுற்றி வந்தால் ஃபைபர் எவ்வளவு திரும்புகிறது என்பது வட்டத்தில் ஒரு புள்ளி. அதற்கு மெய்யெண்ணாக இருக்க வழியே இல்லை. நான் வகுப்பெடுத்த காலத்தில் ஹோலோனமியை முதலில் சொல்லிவிட்டு கேஜ் மாற்றத்துக்கு வருவேன். புத்தகங்கள் ஏன் தலைகீழாகப் போகின்றன என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வரிச்சுருள்:

இயற்பியல் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. அந்த 2பை வெறும் கணக்கு வித்தை இல்லை, ஆய்வகத்தில் கண்ணுக்குத் தெரியும்.

1959-ல் அஹரோனோவும் போமும் சொன்னது இதுதான்: நீளமான வரிச்சுருளுக்குள் காந்தப்புலம் அடைபட்டிருக்கிறது, வெளியே புலம் பூஜ்யம். வெளியே மட்டும் ஓடும் எலக்ட்ரானுக்கு வளைவு பூஜ்யம்தான், ஆனால் வரிச்சுருளைச் சுற்றிய ஹோலோனமி பூஜ்யம் இல்லை, அதனால் குறுக்கீட்டுப் பட்டைகள் நகர்கின்றன. கணித மொழியில், துளை போட்ட தளத்தின் மேல் ஃபிளாட் கனெக்‌ஷன். உள்ளே இருக்கும் காந்தப்பாயம், பிளாங்க் மாறிலியை எலக்ட்ரான் மின்னூட்டத்தால் வகுத்தால் வரும் அளவின், அதாவது சுமார் 4.14 பெருக்கல் பத்தின் அடுக்கு மைனஸ் 15 வெபரின், முழு எண் மடங்காக இருந்தால் பட்டை துளியும் நகராது. எலக்ட்ரானைப் பொறுத்தவரை அங்கே காந்தமே இல்லை. பழைய சுவர் ஐயா சொன்ன "மூன்று சுற்று" கேஜ் மாற்றம் அந்த இடத்தில்தான் வேலை செய்கிறது.

1986-ல் ஜப்பானில் டோனோமுரா குழு ஒரு நுண்ணிய மோதிரக் காந்தத்தை நியோபியம் மீக்கடத்தியால் போர்த்தி, புலம் வெளியே கசியாதபடி செய்து அளந்தார்கள். மீக்கடத்திக்குள் எலக்ட்ரான்கள் ஜோடியாகப் போவதால் அங்கே பாயத்தின் அலகு மேலே சொன்னதில் பாதி. எனவே ஒற்றை எலக்ட்ரானுக்குக் கட்ட வேறுபாடு 0 அல்லது பை, இரண்டில் ஒன்றாக மட்டும்தான் வர முடியும். அப்படியேதான் வந்தது. மாடுலை வட்டத்தில் எதிரெதிராக இருக்கும் இரண்டு புள்ளிகளைப் படம் பிடித்த மாதிரி. எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்த சோதனை இது.

சமோசா:

இதுக்கு இவ்வளவு நீளமா? ஃபிளாட் என்றால் செர்ன் வகுப்பு (பண்டிலின் முறுக்கை அளக்கும் கோஹோமாலஜி வகுப்பு) பூஜ்யம், செர்ன் வகுப்பு பூஜ்யம் என்றால் பண்டில் டிரிவியல். ஆக டிரிவியல் பண்டில் ஒன்று, அதன் மேல் ஒரு டோரஸ். கதை முடிந்தது. முதல் பெட்டி எண் பூஜ்யம் என்றால் ஒரே ஒரு புள்ளி.

பழைய சுவர்:

சமோசா, முதல் படியிலேயே வழுக்கிவிட்டீர்கள். வளைவு பூஜ்யம் என்றால் பூஜ்யமாவது மெய் செர்ன் வகுப்பு. முழு எண் செர்ன் வகுப்பு டார்ஷனாக மிச்சமிருக்கலாம். மெய்யெண்ணுக்கு மாற்றும்போது டார்ஷன் செத்துவிடும், அதனால் வளைவுக்கு அது கண்ணில் படாது. ஹோலோனமிக்குப் படும்.

முப்பரிமாண ப்ரொஜெக்டிவ் வெளியை எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது முப்பரிமாணக் கோளத்தில் எதிரெதிர்ப் புள்ளிகளை ஒட்டியது. அடிப்படைக் குலத்தில் இரண்டே உறுப்புகள், முதல் பெட்டி எண் பூஜ்யம். உங்கள் கணக்குப்படி ஒரு புள்ளி. ஆனால் அந்தக் குலத்திலிருந்து வட்டத்துக்கு இரண்டு ஹோமோமார்ஃபிசங்கள்: ஒன்று எல்லாவற்றையும் 1-க்கு அனுப்பும், மற்றது ஆக்கியை மைனஸ் 1-க்கு அனுப்பும். இரண்டு ஃபிளாட் கனெக்‌ஷன்கள், இரண்டும் வெவ்வேறு பண்டில்கள் மேல். லென்ஸ் வெளிகளிலும் அப்படியே, அடிப்படைக் குலத்தில் 5 உறுப்புகள் என்றால் 5 புள்ளிகள், 5 வேறு வேறு பண்டில்கள். பொதுவாக, எல்லா ஃபிளாட் லைன் பண்டில்களையும் சேர்த்து எண்ணினால் முதல் ஹோமாலஜியிலிருந்து வட்டத்துக்குப் போகும் ஹோமோமார்ஃபிசங்கள் எல்லாம் வந்துவிடும். டார்ஷனில் எத்தனை உறுப்புகளோ அத்தனை டோரஸ், ஒவ்வொன்றும் ஒரு பண்டிலுக்கு.

கிளைன் குடுவைக்கு என்ன வரும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

அரைப்புள்ளி:

மிக்க நன்றி ஐயா. வட்டத்தின் கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தேன், தெளிவாகிவிட்டது. இத்தனை நாள் "கோணம்" என்று எழுதிவிட்டு மெய்யெண்ணாகவே நடத்தியிருக்கிறேன். அப்புறம், நான் தம்பி இல்லை, தங்கச்சி. :)

டிகிரி பற்றிய இரண்டாவது கேள்விக்கு யாராவது பதில் சொன்னால் நன்றாக இருக்கும். ஜீனஸ் 2 (இரண்டு துளை) பரப்பில் டிகிரி 1 பண்டில் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கேயும் டோரஸ்தான் என்று ஓரிடத்தில் பார்த்தேன், பிறகு ஏன் டிகிரி 0, டிகிரி 1 என்று தனித்தனியாகப் பெயர் வைத்து எழுதுகிறார்கள்?

கரையோரம்:

தங்கச்சிக்கு வணக்கம். ஃபிளாட் கிடைக்காத இடத்தில் அடுத்த நல்ல தேர்வு யாங்-மில்ஸ் கனெக்‌ஷன், அதாவது வளைவு ஹார்மோனிக்காக இருக்க வேண்டும் என்று கேட்பது. ரீமானியன் மெட்ரிக் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ஹாட்ஜ் தேற்றப்படி செர்ன் வகுப்புக்கு ஒரே ஒரு ஹார்மோனிக் பிரதிநிதிதான். ஏதாவது ஒரு கனெக்‌ஷனில் தொடங்கி, வளைவு அந்தப் பிரதிநிதியாகும் வரை ஒரு 1-ஃபார்மைக் கூட்டலாம், எப்போதும் முடியும். பரப்பின் மேல் இதற்குப் பொருள் ரொம்ப எளிது: வளைவு எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் பரவியிருக்க வேண்டும், மொத்தம் 2பை பெருக்கல் டிகிரி. கோளத்தின் மேல் இது 1931-ல் டிராக் எழுதிய காந்த ஒற்றைமுனை. கோளத்தில் துளையில்லாததால் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரே ஒரு புள்ளி, டோரஸ் கிடையாது.

இனி ஒரே பண்டிலில் இரண்டு யாங்-மில்ஸ் கனெக்‌ஷன்களைக் கழித்தால் வருவது மூடிய 1-ஃபார்ம். கேஜ் மாற்றங்களும் முன்பு போலவே செயல்படுகின்றன. எனவே எந்த டிகிரியிலும் அதே டோரஸ். ஒரு வித்தியாசம், டிகிரி பூஜ்யத்தில் "டிரிவியல் கனெக்‌ஷன்" என்று ஒரு தொடக்கப் புள்ளி இருக்கிறது, டிகிரி 1-ல் அப்படி ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைச் சொல்லலாம், கூட்ட முடியாது. நாட்காட்டி மாதிரி. இரண்டு தேதிக்கு நடுவே எத்தனை நாள் என்று கேட்கலாம், இரண்டு தேதியைக் கூட்டினால் அர்த்தமில்லை.

இது வெறும் சொல் நுணுக்கம் என்று நினைக்காதீர்கள். ரீமான் பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் தானாகவே ஒரு டிகிரி 1 பண்டிலைத் தருகிறது, அந்தப் புள்ளியில் மட்டும் பூஜ்யமாகும் செக்‌ஷன் கொண்ட பண்டில். ஆகவே ஜீனஸ் 1 அல்லது அதற்கு மேல் என்றால் பரப்பு டிகிரி 1 டோரஸுக்குள் யார் உதவியும் இல்லாமல் போய் உட்கார்ந்துகொள்கிறது. டிகிரி 0 டோரஸுக்குள் அனுப்ப வேண்டுமென்றால் "இந்தப் புள்ளியிலிருந்து கழி" என்று ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுத்துத் தர வேண்டும். தனித்தனிப் பெயர் வைப்பதற்கு எனக்கு இந்தக் காரணமே போதும்.

டிகிரி 0 டோரஸுக்கு இன்னொரு முகமும் உண்டு. ரீமான் பரப்பில் கனெக்‌ஷனின் ஒரு பாதி ஹோலோமார்ஃபிக் அமைப்பைத் தருகிறது. திருப்பிக் கேளுங்கள்: டிகிரி 0 ஹோலோமார்ஃபிக் லைன் பண்டில் ஒன்றைக் கொடுத்தால், அதில் ஃபிளாட் யூனிட்டரி கனெக்‌ஷன் உண்டா? மெட்ரிக்கை ஒரு சார்பின் எக்ஸ்பொனென்ஷியலால் பெருக்கினால் வளைவில் அந்தச் சார்பின் லாப்லாசியன் சேர்கிறது. எனவே பாய்சான் சமன்பாட்டைத் தீர்த்தால் போதும், அதற்குத் தீர்வு இருக்க வேண்டுமானால் மொத்தத் தொகையீடு பூஜ்யமாக இருக்க வேண்டும், அது டிகிரி பூஜ்யம் என்பதேதான். தீர்வு மாறிலி வரை ஒன்றே ஒன்று. ஆக ஃபிளாட் கனெக்‌ஷன்களின் டோரஸும் ஜேக்கோபியனும் (டிகிரி 0 ஹோலோமார்ஃபிக் லைன் பண்டில்களின் வெளி) ஒன்றே. ஜீனஸ் 2-ல் மெய்ப் பரிமாணம் 4, கலப்பெண் பரிமாணம் 2.

ஒன்றே என்று சொன்னாலும் ஒரு பிடி இருக்கிறது. ஃபிளாட் கனெக்‌ஷன் பக்கத்தில் நின்று பார்த்தால் டோரஸ் பரப்பின் டோபாலஜியை மட்டும் சார்ந்தது, எந்த ஜீனஸ் 2 பரப்புக்கும் ஒரே டோரஸ். இரண்டு 1-ஃபார்ம்களை வெட்ஜ் செய்து தொகையிட்டால் கிடைக்கும் சிம்ப்ளெக்டிக் ஃபார்மும் அப்படியே. ஆனால் கலப்பெண் அமைப்பு ரீமான் பரப்பைப் பொறுத்து மாறும். அந்த அமைப்பையும் சிம்ப்ளெக்டிக் ஃபார்மையும் சேர்த்துக் கொடுத்தால் பரப்பையே மீட்டெடுத்துவிடலாம், அதுதான் டொரெல்லி தேற்றம்.

ஒரு சின்னப் பெருமையையும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன பொருத்தத்தின் உயர் ரேங்க் (ஃபைபரின் பரிமாணம் 1-க்கு மேல்) வடிவம் நரசிம்மன்-சேஷாத்ரி தேற்றம், 1965. டிகிரி 0 ஸ்டேபிள் பண்டில்களும் (உள்ளே இருக்கும் சிறிய ஹோலோமார்ஃபிக் பண்டில் எதுவானாலும் டிகிரி பூஜ்யத்துக்குக் கீழ்) அடிப்படைக் குலத்தின் சுருங்காத யூனிட்டரி பிரதிநிதித்துவங்களும் ஒன்றுக்கு ஒன்று. இருவரும் 1932-ல் பிறந்தவர்கள், சேஷாத்ரி காஞ்சிபுரத்தில், நரசிம்மன் வட ஆர்க்காட்டில் தண்டரையில். இருவரும் சென்னை லயோலா கல்லூரியில் ரசீன் பாதிரியாரிடம் படித்து, 1953-ல் பம்பாய் டாடா நிறுவனத்தில் சேர்ந்தார்கள். 1983-ல் டொனால்ட்சன் அதே தேற்றத்துக்கு கனெக்‌ஷன்களை வைத்து வேறு நிரூபணம் கொடுத்தார். பாய்சான் சமன்பாட்டைத் தீர்த்த நம் கணக்கு அதன் ரேங்க் 1 வடிவம் என்று சொல்லலாம். ரேங்க் 1-ல் எல்லா பண்டிலும் ஸ்டேபிள், அதனால் வலி இல்லை. ரேங்க் 2-க்குப் போனால் சுருங்கும் பிரதிநிதித்துவங்கள் வந்து மாடுலை வெளியில் முடிச்சு போடும். லைன் பண்டிலில் ஒவ்வொரு கனெக்‌ஷனையும் அசைக்காத கேஜ் மாற்றங்கள் மாறிலிகள் மட்டும்தான், எல்லாருக்கும் ஒரே அளவு, அதனால்தான் டோரஸ் இவ்வளவு வழவழப்பாக இருக்கிறது.

வரிச்சுருள்:

நடுவில் ஒரு சந்தேகம். வட்டத்துக்குப் பதிலாகப் பூஜ்யமில்லாத கலப்பெண்களை வைத்தால்? ஹோலோனமியின் நீளமும் மாறலாம் என்றால்?

கரையோரம்:

அப்போது ஜீனஸ் 2-ல் பூஜ்யமில்லாத கலப்பெண்களின் நான்கு பிரதிகள், காம்பாக்ட் இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஹோலோனமியாகப் பார்த்தால் அதில் அல்ஜீப்ராயிக் சார்புகள் ஏராளம், ஒவ்வொரு ஆயமும் ஒரு சார்பு. அதே வெளியை "லைன் பண்டிலும் அதன் மேல் ஹோலோமார்ஃபிக் கனெக்‌ஷனும்" என்று அல்ஜீப்ராயிக்காகக் கட்டினால் மாறிலி தவிர ஒரு அல்ஜீப்ராயிக் சார்பும் கிடையாது. அனலிட்டிக்காக இரண்டும் ஒன்று, அல்ஜீப்ராயிக்காக ஒட்டவே ஒட்டாது. நடுவில் எக்ஸ்பொனென்ஷியல் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். இதை முதல்முறை கேட்டபோது யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றே நினைத்தேன்.

பழைய சுவர்:

ப்ராஜெக்ட்டுக்குக் கடைசிப் பகுதி தேடுகிறீர்கள் என்றால், மகளே, மிரர் சிமெட்ரி பக்கம் ஒரு எட்டு போய் வாருங்கள். காலாபி-யாவ் என்ற சிறப்பு வெளிகள் ஒன்றுக்கு ஒன்று கண்ணாடி போல ஜோடியாக வரும் என்ற கருத்து அது. 1996-ல் ஸ்ட்ராமிங்கர், யாவ், சாஸ்லோ மூவரும் முன்வைத்த யோசனை: ஆறு மெய்ப் பரிமாணக் காலாபி-யாவ் வெளி முப்பரிமாண ஸ்பெஷல் லக்ராஞ்சியன் (சிம்ப்ளெக்டிக் ஃபார்ம் பூஜ்யமாகும், கன அளவு மிகக் குறைந்த) டோரஸ்களால் நிரம்பியிருக்கிறது என்று வையுங்கள். ஒரு டோரஸையும் அதன் மேல் ஒரு ஃபிளாட் லைன் பண்டிலையும் ஜோடியாக எடுத்தால் அது மிரர் வெளியில் ஒரு புள்ளி. டோரஸை நகர்த்த எத்தனை திசை? மெக்லீன் தேற்றப்படி முதல் பெட்டி எண், 3. ஃபிளாட் கனெக்‌ஷன்கள்? நீங்கள் இப்போது போட்ட கணக்கு, அதுவும் 3. மொத்தம் 6, பொருந்துகிறது. உங்கள் பழைய வெக்டர் வெளியை அங்கே வைத்திருந்தால் மிரரின் ஃபைபர் காம்பாக்ட்டாகவே இருந்திருக்காது.

அந்த டோரஸ்களில் ஒன்றுக்குப் பதிலாக, எல்லா டோரஸையும் ஒவ்வொரு புள்ளியில் வெட்டிச் செல்லும் ஸ்பெஷல் லக்ராஞ்சியனை எடுத்தால் மறுபக்கத்தில் என்ன வருகிறது என்று கேட்டால், லைன் பண்டில் மேலேயே வேறொரு சிறப்புக் கனெக்‌ஷன், டிஃபார்ம்டு ஹெர்மிஷியன் யாங்-மில்ஸ். 2000 வாக்கில் எழுதப்பட்ட சமன்பாடு, நேர்கோட்டுத்தன்மை இல்லாதது, தீர்வு இருக்கிறதா என்பதே கஷ்டமான கேள்வி. அதை இந்த ப்ராஜெக்ட்டில் தொடாதீர்கள், பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகருங்கள்.

சமோசா:

சரி, ஒப்புக்கொள்கிறேன், டார்ஷனை மறந்துவிட்டேன். கிளைன் குடுவையைப் போட்டேன். இரண்டு ஆக்கிகள், ஒன்றால் மற்றதைச் சுற்றிப் போர்த்தினால் மற்றது தலைகீழாகிறது. வட்டத்தில் எல்லாம் பரிமாற்று என்பதால் போர்த்துவது ஒன்றும் செய்யாது, ஆகவே இரண்டாவது ஆக்கி தன் தலைகீழுக்குச் சமம், அதன் மதிப்பு 1 அல்லது மைனஸ் 1. முதலாவது எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆக இரண்டு வட்டங்கள். சரிதானே?

பழைய சுவர்:

சரி. எந்த வட்டம் டிரிவியல் பண்டில் மேல் இருக்கிறது?

அரைப்புள்ளி:

நான் சொல்கிறேன் ஐயா. இரண்டாவது ஆக்கி 1-க்குப் போகும் வட்டம். டிரிவியல் கனெக்‌ஷனின் ஹோலோனமி எல்லாம் 1, அது அந்த வட்டத்தில்தான் இருக்கிறது, ஒரே வட்டத்துக்குள் தொடர்ச்சியாக நகரும்போது பண்டில் மாறாது. மற்ற வட்டத்தின் பண்டில் டிரிவியல் இல்லை, அதன் செர்ன் வகுப்பை இரண்டு மடங்காக்கினால் பூஜ்யமாகிவிடும். இந்தக் கணக்கை அப்படியே ப்ராஜெக்ட்டில் போட்டுக்கொள்ளலாமா?

சமோசா:

போட்டுக்கொள்ளுங்கள். என் பெயர் மட்டும் வேண்டாம், சமோசா என்று நன்றியுரையில் வந்தால் கைடு என்ன நினைப்பார்.